அணைக்க முடியாத அடுப்பு: சூரிய வெந்நீர்க் கருவியைப் பாதுகாப்பாக நிறுவவும் பராமரிக்கவும் முழுமையான வழிகாட்டி

முதன்முதலாக நான் நிறுவிய சூரிய வெந்நீர்க் கருவி 8 மாதம்தான் உழைத்தது. அதன் தொட்டியின் தலையிலிருந்து காற்றுப்போக்கி என்ற ஒரு குழாய் நெட்டுக்குத்தாக எழுந்து திறந்த வாயோடு நிற்கும். மதிய வேளையில் அந்த வாயிலிருந்து மெல்லிய ஆவி பறந்துகொண்டே இருந்தது. சூடு வீணாகிறதே என்று ஒரு மரக்கட்டையைச் செதுக்கி அதில் செருகி அடைத்தேன். சில நாள் கழித்து மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவதற்காகக் குளிர்நீர் வால்வை மூடியிருந்தோம். கீழே யாரோ வெந்நீர்க் குழாயைத் திறந்தார்கள். மாடியில் தகரத்தை மிதித்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. வெளித்தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு கண்ணாடிக் குழாயை உருவி, அந்தத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: உள்தொட்டி பிழிந்து போட்ட துணிபோலச் சுருண்டு கிடந்தது.

நடந்தது எளிய இயற்பியல். தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வழியில்லை. தண்ணீர் 2 மீட்டர் கீழே தொங்கி இழுத்தாலே, தொட்டிச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் வெளிக்காற்று ஏறத்தாழ 2 டன் எடைக்குச் சமமாக அழுத்தும். மெல்லிய தகடு அதற்கு என்ன செய்யும்?

அந்த நாளிலிருந்து இந்தக் கருவியை அணைக்க முடியாத அடுப்பாகவே பார்க்கிறேன். விறகை இழுக்கலாம், எரிவாயுவைத் திருகி மூடலாம். வெயிலை மூட முடியாது. நீங்கள் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தண்ணீர் இருந்தாலும் வற்றினாலும் அது சூடேற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டுக்கும், விரியும் நீருக்கும், காற்றுக்கும் எப்போதும் திறந்த ஒரு வழி வேண்டும். கீழே சொல்லும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து பிறந்தவைதான்.

வாங்குமுன்: அளவும் வகையும்

100 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை 30 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 3.5 யூனிட் ஆற்றல் தேவை. நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 5 யூனிட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது என்று வைத்து, அதில் பாதி தண்ணீரில் சேர்கிறது என்று எடுத்தால், 100 லிட்டருக்கு ஒன்றரை சதுர மீட்டர் பரப்பு வேண்டும். ஒருவர் குளிக்க, கலந்துகொள்ளும் வெந்நீராக 25 முதல் 40 லிட்டர் வரை போதும். தேவைக்கு மேல் பெரிய கருவி வாங்குவது வீண்செலவு மட்டுமன்று. பயன்படுத்தாத வெந்நீர் நாள்தோறும் கொதிநிலையை நெருங்கும், கசிவைத் தடுக்கும் முத்திரை வளையங்களின் ஆயுள் குறையும்.

வகை இரண்டு. தட்டைத் தகடு வகையில், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கறுப்புப் பூச்சுள்ள தகடும் அதனுடன் ஒட்டிய செம்புக் குழாய்களும் இருக்கும். வெற்றிடக் குழாய் வகையில், இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழாய்கள் நேரே தொட்டியில் செருகப்பட்டிருக்கும்; இரு சுவர்களுக்கும் நடுவே காற்றில்லாததால் சூடு வெளியே கசிவது மிகக் குறைவு. தட்டைத் தகடு முரடானது, அழுத்தம் தாங்கும். ஆனால் கடினநீரில் அதன் குறுகிய செம்புக் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். வெற்றிடக் குழாயில் உப்பு அடியில் போய்ப் படியும், கழுவி எடுத்துவிடலாம்; ஆனால் கண்ணாடி உடையும். கிணற்று நீரோ ஆழ்குழாய் நீரோ பயன்படுத்தும் வீட்டுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

இன்னொரு கேள்வியை விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும்: தொட்டி அழுத்தம் தாங்குவதா, தாங்காததா? தாங்காத தொட்டியில் அழுத்தப் பம்பின் இணைப்பை நேராகக் கொடுத்தால் தகட்டைப் பற்றவைத்த தையல் பிரிந்துவிடும். 10 மீட்டர் உயர நீர்மட்டமே ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். உயரமான கட்டடத்தின் பொதுத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தைத் தாண்டினால் நடுவில் மிதவை வால்வுள்ள ஒரு சிறு தொட்டியை வைக்க வேண்டும்.

இடம்

200 லிட்டர்க் கருவி என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. தொட்டி, சட்டம், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் 300 கிலோவை நெருங்கலாம். இந்த எடை முழுவதும் நான்கைந்து சிறு கால்கள் வழியே இறங்குகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கால்கள் விட்டங்களுக்கோ தாங்கு சுவர்களுக்கோ மேலே வரும்படி பாருங்கள். ஓட்டுக் கூரை, பழைய கட்டடம், விரிசல் விட்ட தளம் என்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் ஏற்ற வேண்டாம்.

சட்டத்தின் காலை நேரே தளத்தில் துளையிட்டுப் பொருத்துவது சோம்பேறித்தனம். நீர்த்தடுப்புப் பூச்சு கிழிந்து, அடுத்த மழைக்குக் கீழறையில் ஈரம் படரும். சிறிய கான்கிரீட் திண்டுகள் வார்த்து, அவற்றில் நங்கூர போல்ட்டுகளைப் பதித்து, கால்களை முடுக்குங்கள். காற்றை அலட்சியம் செய்ய வேண்டாம். சாய்த்து வைத்த தகடு பாய்மரம் போன்றது, அடியில் புகும் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். கனமாகத்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கை, தொட்டியைப் பழுதுபார்க்கக் காலி செய்த நாளில் பொய்த்துவிடும்.

பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் தகட்டைத் தெற்கு நோக்கியும், தெற்கே இருப்பவர்கள் வடக்கு நோக்கியும் வைக்க வேண்டும். சாய்வு, அந்த இடத்தின் அட்சரேகை அளவு. குளிர்காலத்தில்தான் வெந்நீர் அதிகம் தேவை என்றால் மேலும் 10 முதல் 15 டிகிரி கூட்டலாம். பூமத்திய ரேகையை ஒட்டிய இடங்களிலும் 10 டிகிரிக்குக் குறைய வேண்டாம். சுழற்சி நடக்கவும், மழை தூசியைக் கழுவிச் செல்லவும் அந்தச் சரிவு தேவை. காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை நிழல் விழக் கூடாது. கோடையில் வெயிலடிக்கும் மூலை குளிர்காலத்தில் நிழலில் மூழ்கலாம். சூரியன் தாழ்வாகச் செல்லும் மாதத்தில் ஒரு நாள் மாடியில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

உயரக் கணக்கு

பம்பு இல்லாமல் இந்தக் கருவி இயங்குவதற்குக் காரணம், சூடான நீர் எடை குறைந்து மேலே ஏறுவதும் குளிர்ந்த நீர் கீழே இறங்குவதும்தான். ஆகவே எது எதற்கு மேலே என்பதில் பிழை வரக் கூடாது. நான் வேலையைத் தொடங்குமுன் ஒரு தாளில் ஐந்து கோடுகள் போட்டுக்கொள்வேன். அடியில் குளியலறைக் குழாய்கள். அதற்கு மேல் வெயில் வாங்கும் தகடு. அதற்கு மேல் வெந்நீர்த் தொட்டி. வெந்நீர்த் தொட்டியின் தலைக்கும் மேலே, மேல்நிலைத் தொட்டியின் அடிமட்டம். எல்லாவற்றுக்கும் உச்சியில், காற்றுப்போக்கிக் குழாயின் வாய்.

தட்டைத் தகடு வகையில் தகட்டின் மேல் விளிம்புக்கும் தொட்டியின் அடிக்கும் குறைந்தது 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் இரவில் தகடு குளிர்ந்ததும் சுழற்சி திசை மாறி, பகலெல்லாம் சேர்த்த சூட்டை வானத்துக்குத் தந்துவிடும்.

காற்றுப்போக்கியின் வாய் மேல்நிலைத் தொட்டியின் நிறைமட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லையேல் அதன் வழியே தண்ணீர் வழியும். எவ்வளவு உயரம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சமமாக வைத்தால் போதாது. வெந்நீர் எடை குறைந்தது என்பதால் அந்தக் குழாயில் நீர்மட்டம் குளிர்நீர் மட்டத்தைவிடச் சற்று மேலே நிற்கும். 3 மீட்டர் உயரத்துக்கு 6 முதல் 8 சென்டிமீட்டர் வரை கூடும். அரை மீட்டர் கூடுதலாக ஏற்றிவிட்டால் கவலையில்லை. வாயை வளைத்துக் கீழ்நோக்கி விடுங்கள். குளவி கூடு கட்டாமல் இருக்கப் பெரிய கண்ணுள்ள வலை கட்டலாம். வால்வு, மூடி, கட்டை எதுவும் வேண்டாம். நான் பட்டது போதும்.

200 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 4.5 லிட்டர் பெருகும். திறந்த அமைப்பில் அது காற்றுப்போக்கியில் ஏறி வெளியேறிவிடும். அழுத்தம் தாங்கும் மூடிய அமைப்பில் ஏற இடமில்லை. அங்கே வெப்பமும் அழுத்தமும் இரண்டையும் உணரும் பாதுகாப்பு வால்வும், விரியும் நீரை ஏற்றுக்கொள்ளும் விரிவுக் கலமும் கட்டாயம். பாதுகாப்பு வால்வின் வடிகுழாய் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், கீழ்நோக்கிய சரிவோடு, திறந்தே முடிய வேண்டும். சொட்டுகிறது என்று அதை அடைப்பவர் தன் மாடியில் வெடிகலம் வைக்கிறார். மூடிய அமைப்பை உரிமம் பெற்றவரே பொருத்தட்டும்.

குழாய்கள்

சாதாரண பிவிசி குழாய் 60 டிகிரியிலேயே இளகிவிடும். வெந்நீர்ப் பாதையில் அதற்கு இடமே இல்லை. சூடு தாங்கும் பிவிசி வகையான சிபிவிசி 80, 90 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும் என்றாலும், ஆள் இல்லாத நாளில் தொட்டியின் வாயில் கொதிநீரே வரலாம். ஆகவே தொட்டியிலிருந்து முதல் ஓரிரு மீட்டரை உலோகக் குழாயாக வைத்து, பிறகு மற்றதற்கு மாறுவேன். செம்பையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் நேராக இணைத்தால் இரும்பு அரிக்கும்; நடுவில் மின்தொடர்பை வெட்டும் இணைப்பு ஒன்றைப் போடுங்கள்.

வெந்நீர்க் குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள 10 மீட்டர்க் குழாயில் 3 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். காலையில் முதலில் வருவது அந்த ஆறிய நீர்தான். குழாய் முழுவதற்கும் காப்புறை போட்டு, வெளியே இருக்கும் பகுதியை அலுமினியத் தகட்டால் சுற்றுங்கள். வெறும் நுரைக்காப்பு வெயிலில் இரண்டே வருடத்தில் உதிர்ந்துவிடும், எஞ்சியதைக் காகம் பிய்த்துப் போகும். மேடு பள்ளம் இல்லாமல் ஒரே சரிவாகக் கொண்டு செல்லுங்கள். மேட்டில் காற்று சிக்கிக்கொண்டால் தண்ணீர் விக்கி விக்கி வரும். குளிர்நீர் நுழையும் பக்கம் ஒரு மூடு வால்வும், பின்னோட்டம் தடுக்கும் வால்வும், தொட்டியின் அடியில் வடிகுழாயும் தேவை.

பொருத்தும் நாள்

அதிகாலையிலோ, வெயில் சாய்ந்த பிறகோ தொடங்குங்கள். மாடி விளிம்பை ஒட்டிய வேலை என்றால் இடுப்புப் பட்டையும் கயிறும் வேண்டும். ஏணி 4 மீட்டர் உயரம் ஏறினால் அதன் அடி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஏணியின் தலை விளிம்புக்கு மேல் 1 மீட்டர் நீண்டிருக்க வேண்டும். தனியாக வேலை செய்ய வேண்டாம். கண்ணாடிக் குழாய்களைக் கடைசி நிமிடம் வரை பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெயிலில் காய்ந்த வெறும் குழாயின் உட்புறம் 200 டிகிரியைத் தாண்டும். வெளியே தொட்டால் குளிர்ச்சியாகவே இருக்கும். அதன் வஞ்சகம் அதுதான்.

சட்டத்தை நிறுத்தி, மட்டம் பார்த்து, தொட்டியை ஏற்றி, போல்ட்டுகளைப் பாதியளவு முடுக்குங்கள். முதலில் இரு கோடிகளிலும் ஒவ்வொரு குழாயைச் செருகிப் பார்த்தால் சட்டம் கோணலா நேரா என்பது தெரிந்துவிடும். பிறகு முழுமையாக முடுக்கலாம்.

குழாயைச் செருகுவது கைப்பழக்கம். தோல் கையுறையும் கண் காப்பும் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டித் துளையிலுள்ள சிலிக்கான் வளையம் மடங்காமல் படிந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். தூசி தடுக்கும் வளையத்தைக் குழாயின் கழுத்தில் முதலில் மாட்டுங்கள். மறந்தால் மறுபடி உருவ வேண்டிவரும். கழுத்தில் சோப்பு நீர் தடவுங்கள், எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். இரு கைகளாலும் பிடித்து, திருகு ஆணியைத் திருப்புவதுபோல ஒரே திசையில் மெல்லத் திருப்பிக்கொண்டே மேலே தள்ளுங்கள். வளையத்தைத் தாண்டும்போது கையில் ஒரு சிறு வழுக்கல் தெரியும். தேவையான ஆழம் போனதும் அடிமுனையைச் சட்டத்தின் அடியில் அதைத் தாங்கும் கிண்ணத்துக்கு நேராகக் கொண்டுவந்து, அதே திருப்பலோடு கீழிறக்குங்கள். இறுகினால் குத்தாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி நனையுங்கள். கண்ணாடி உடைவது பெரும்பாலும் கோபத்தில்தான்.

முதல் நிரப்பு அன்று சூரியன் சாய்ந்த பிறகுதான். சூடேறிய குழாயில் குளிர்நீர் பட்டால் படீரென்று வெடிக்கும். மிச்ச வேலைக்குப் பகலாகிவிட்டால் கெட்டித் துணியால் மூடிவையுங்கள். மாலையில் குழாய்கள் ஆறும்வரை பொறுத்திருங்கள். நிரப்பும்போது வீட்டில் ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவையுங்கள். காற்றெல்லாம் துப்பி முடித்து ஒரே சீராக நீர் வந்ததும் மூடலாம். பிறகு ஒவ்வொரு வளையத்தையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள்.

மின்சாரத் துணை

மேகமூட்ட நாளுக்காகத் தொட்டியில் மின் சூடேற்றி வைப்பது உண்டு. 2 கிலோவாட் சூடேற்றி 100 லிட்டரை 30 டிகிரி உயர்த்த ஒன்றே முக்கால் மணி நேரம் எடுக்கும். அதற்குத் தனிக் கம்பி, மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., சரியான எர்த் இணைப்பு என நான்கும் இருந்தே ஆக வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரைத் தவிர வேறு யாரும் இதில் கை வைக்கக் கூடாது. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் இயக்கினால் சுருள் எரிந்துவிடும். தொட்டியை எதற்காகத் திறந்தாலும் முதலில் சுவிட்சை அணைத்து, எம்.சி.பி.யையும் இறக்கிவிடுங்கள்.

சுடும் நீர்

60 டிகிரி நீர் பெரியவர் ஒருவரின் தோலை ஏறத்தாழ 5 நொடியில் ஆழமாகச் சுட்டுவிடும். 70 டிகிரியை நெருங்கினால் ஒரு நொடி போதும். குழந்தைக்கும் முதியவருக்கும் இன்னும் குறைவு. வெயில் நாளில் இந்தக் கருவி 70 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சூட்டைக் குறைத்து வைக்கலாம் என்றால் இன்னொரு சிக்கல்: 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் நோய்க் கிருமி பெருகும்; 60 டிகிரியில் விரைவில் அழியும். ஆகவே தொட்டியில் சூடாக வைத்து, குளியலறைக்கு வருமுன் கலப்பதே சரி. தானாகக் கலந்து 50 டிகிரிக்குக் கீழே நிறுத்தும் வெப்பக் கலப்பு வால்வு இருக்கிறது. இந்தக் கருவியோடு வாங்க ஒரே ஒரு துணைப்பொருளைச் சொல்லுங்கள் என்றால் அதைத்தான் சொல்வேன். பல நாள் வெயிலில்லாமல் போனால் மின் சூடேற்றியால் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றிவிடுங்கள்.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்நீரில் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம்.

பராமரிப்பு

அன்றாடம் செய்ய எதுவுமில்லை. மாதம் ஒருமுறை, வெயில் ஏறுமுன், கண்ணாடியை நீரால் கழுவுங்கள். சூடான கண்ணாடியில் நீர் ஊற்றாதீர்கள். அதே வேளையில் காற்றுப்போக்கி திறந்திருக்கிறதா, வளையங்களில் கசிவுத் தடம் உண்டா, போல்ட்டுகளில் துரு உண்டா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வடிகுழாயைத் திறந்து வண்டலை இறக்குங்கள். இதையும் அதிகாலையில், தண்ணீர் ஆறியிருக்கும்போது செய்ய வேண்டும். மூடிய அமைப்பில் பாதுகாப்பு வால்வின் நெம்புகோலை அவ்வப்போது தூக்கி, நீர் வருகிறதா, விட்டதும் நிற்கிறதா என்று சோதியுங்கள்.

பலரும் கேள்விப்பட்டே இராத பொருள் மக்னீசியக் கம்பி. தொட்டியின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தொட்டியைக் காப்பாற்றுவது அதன் வேலை. வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தாலோ உள்கம்பி வெளியே தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். உப்பு நீரில் இது வெகு விரைவில் கரையும்.

உப்புப் படிவை நீக்கச் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். அமிலத்தைத்தான் தண்ணீரில் சேர்க்க வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அன்று. பிளீச்சிங் தூளோடு எந்த அமிலமும் சேரக் கூடாது. குளோரின் நச்சுவாயு கிளம்பும். கழுவிய பின் நல்ல நீரால் இரண்டு மூன்று முறை அலசி எடுங்கள்.

நீர் உறையும் குளிருள்ள இடத்தில் தட்டைத் தகட்டுக் குழாய்கள் ஒரே இரவில் பிளந்துவிடும், ஏனெனில் உறையும் நீர் 9 சதவீதம் விரியும். அங்கே உறைவதைத் தடுக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த தனிச்சுற்று கொண்ட வகையே பொருந்தும். எத்திலீன் கிளைக்கால் நச்சு, வீட்டுக் கருவியில் அதைச் சேர்க்கவே கூடாது.

வெளியூர் செல்லும்போது குளிர்நீர் வால்வை மூடிவிட்டுப் போவதுதான் பலருடைய முதல் எண்ணம். திறந்த அமைப்பில் அது தவறு. நீர் ஆவியாகித் தொட்டி வற்ற, குழாய்கள் வறண்டு காயும். வால்வைத் திறந்தே வைத்து, ஒளி புகாத துணியால் தகட்டை மூடிக் கட்டிவிட்டுப் போங்கள்.

கோளாறுகள்

நல்ல வெயில், ஆனால் நீர் வெதுவெதுப்பு. இந்தப் புகாரில் கருவியைப் பழிக்குமுன் குளியலறையைப் பாருங்கள். ஒற்றைக் கைப்பிடிக் கலப்புக் குழாய்கள் பழுதானால் குளிர்நீர் அவற்றின் உள்வழியாகவே வெந்நீர்ப் பாதைக்குள் புகும். கருவிக்குச் செல்லும் குளிர்நீர் வால்வை மூடிவிட்டு ஒரு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். சிறிது நேரத்தில் நீர் நிற்க வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எங்கோ கலப்பு நடக்கிறது. சோதித்த பிறகு வால்வைத் திறக்க மறக்காதீர்கள்.

அடுத்து, குழாய்களின் அடிமுனை. நல்ல குழாயின் அடியில் கண்ணாடிபோல மின்னும் வெள்ளிப் பூச்சு இருக்கும். அது உள்ளே நுழையும் வாயுவைப் பிடித்து வெற்றிடத்தைக் காக்கும் பேரியப் படலம். பால்போல வெளுத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது, குழாயை மாற்ற வேண்டியதுதான்.

குழாய் ஒன்று உடைந்தால், நீர் நேரே புழங்கும் வகையில் தொட்டி முழுவதும் அந்தத் துளை வழியே கொட்டும். பதறி ஓடிப்போய்க் கையால் அடைக்க நினைக்காதீர்கள். வருவது 70, 80 டிகிரி நீர். மின் சூடேற்றியை அணையுங்கள், குளிர்நீர் வால்வை மூடுங்கள், கொட்டி ஓயும்வரை யாரையும் அருகே விடாதீர்கள், பிறகு தள்ளி நின்றபடி துணியை வீசி மற்றக் குழாய்களை மூடுங்கள். அவற்றில் தங்கிய நீர் வெயிலில் கொதித்து வற்றிக்கொண்டிருக்கும். புதுக் குழாயைப் பொருத்துவது மாலையில். நீரைத் திறப்பது மற்றக் குழாய்களும் முழுக்க ஆறிய பிறகு.